பின்பாரம்

கேரவனுக்குள் யாரோ எழுந்து நின்றார்கள்.

கண்ணுக்குத் தெரிந்ததல்ல, காதில் விழுந்ததுமல்ல. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஆயுசில் பாதியை ஆம்புலன்ஸ் ஓட்டியே கழித்த கை அது. பின்னால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் ஒருக்களித்துப் படுத்தாலும், நர்ஸ் எழுந்து பாட்டிலை மாற்றினாலும், திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும். பாரம் இடம் மாறும்போது வண்டி லேசாக மூச்சு விடுவது மாதிரி ஓர் அசைவு இருக்கும். அந்த அசைவு இப்போது ஜீப்பின் பின்னால் இழுபட்டு வந்த கேரவனிலிருந்து, கொக்கி வழியாக, சட்டம் வழியாக, இருக்கை வழியாக வந்து அவள் கையைத் தொட்டது. எழுந்தது. நின்றது. பிறகு மெதுவாக நடந்து முன்பக்கம் வந்தது.

கேரவனில் யாருமில்லை. இருக்க வேண்டிய இரண்டு பேரும் ஜீப்பில்தான் இருந்தார்கள். கணவர் பக்கத்து இருக்கையில் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு, போனில் இருந்த வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால ஏதோ நகருதுங்க" என்றாள்.

"உன் மூளைதான் நகருது. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

ரோடு என்று அவர் சொன்னது ரோடே இல்லை. குவாரி லாரிகள் ஒரு காலத்தில் போய் வந்த தடம். குவாரியை மூடிய பிறகு அதில் முள் முளைத்து, மண் அரித்து, அங்கங்கே ஆளுயரப் பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஏரிக்கரைக்குப் போகும் நல்ல ரோட்டில் பாலத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று தடுப்பு வைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனால் நாளைக்குத்தான் போய்ச் சேரலாம். அதனால் என்ன, வழியில் எங்காவது தங்கிக்கொள்ளலாம், வீட்டையே கூட இழுத்துக்கொண்டுதானே போகிறோம் என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதாலேயே அது நடக்காது என்றாகிவிட்டது. மலைக்குப் பின்னால் ஒரு குறுக்குவழி இருப்பதை அவர் போனில் கண்டுபிடித்தார்; கண்டுபிடித்த பிறகு அவரை யார் அசைக்க முடியும்?

குவாரி வாசலில் சங்கிலியை அவிழ்த்துவிட்ட காவலாளி மட்டும் கொஞ்சம் தயங்கினார். நடுவில் ஒரு ஓடை குறுக்கே வரும், இப்போது காய்ந்துதான் கிடக்கிறது, ஆனால் மேலே மலையில் மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்துவிடும் என்றார். மலை உச்சியில் அப்போதே கருப்பாக ஏதோ திரண்டு நின்றது. கணவர் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, ஜீப் கிளம்பியதும், வேலை வெட்டி இல்லாதவன் எல்லாம் வானிலை சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்றார்.

கணவர் அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சம்பளமில்லாமல் அதே வேலையை வீட்டில் செய்தார். குழம்பில் தப்பு, துணி மடித்ததில் தப்பு, அவள் தும்மியதில் தப்பு. ஒருநாள் வாசலில் இந்தக் கேரவன் வந்து நின்றது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பு வலியால் அவரால் வண்டி ஓட்ட முடியாது என்பதால், ஓய்வு பெற்று, இனிமேல் மடியில் கை வைத்து உட்காரலாம் என்று நினைத்திருந்தவள் மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அப்பாவோடு தனியாக எப்படிம்மா சமாளிப்பாய் என்று மகள் போனில் கேட்டபோது, சீரியஸ் கேஸோடு தனியாகப் போவது எனக்கென்ன புதுசா என்று சிரித்தாள்.

கற்கள் சக்கரத்தின் அடியில் நசுங்கிப் பல்லைக் கடிக்கும் சத்தம். முள் கேரவனின் பக்கவாட்டைக் கீறிக்கொண்டே வரும் சத்தம், பலகையில் நகத்தால் இழுப்பது போல, விட்டு விட்டு, நிதானமாக. உள்ளே அலமாரியில் தட்டுகள் கிலுங்கின. ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் கொஞ்ச நேரம் கழித்துக் கேரவனும் அதே பள்ளத்தில் இறங்கி ஏறும். அந்த இடைவெளிக்கு அவள் கை பழகிவிட்டிருந்தது. பழகியதால்தான் பள்ளமே இல்லாத இடத்தில் பின்பாரம் அசைவது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முன்பக்கம் வந்து நின்ற அது இப்போது திரும்பி நடந்தது. கட்டிலில் உட்கார்ந்தது. ஆம்புலன்சில் துணைக்கு வருகிறவர்கள், இனி அவசரமில்லை என்று ஆகிவிட்ட பிறகு, அப்படித்தான் உட்காருவார்கள்.

அவள் பிரேக்கை மிதித்தாள். கணவர் திட்டத் தொடங்குவதற்குள் இறங்கிப் போய்க் கேரவன் கதவைத் திறந்தாள்.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அலமாரிகள் பூட்டியிருந்தன. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனால் ஒரு வாடை. குளத்தைத் தூர் வாரும்போது அடியிலிருந்து வருமே, அழுகிய இலையும் சேறும் சேர்ந்த அந்த வாடை. கட்டிலுக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் பாதம் படும் இடத்தில், இரண்டு ஈரத்திட்டுகள்.

பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த கணவர், தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, நேற்றே மூடியை இறுக்கு என்று சொன்னேன், செய்தாயா என்று கேட்டார். அவள் இறுக்கியிருந்தாள். ஆனால் வாயைக் கொடுத்து எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு துணியை எடுத்து ஈரத்தைத் துடைத்தாள். துணியில் பழுப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்டியில் இருந்தது குடிக்கிற தண்ணீர்.

கதவை வெளியிலிருந்து தாழிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறினாள்.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்து மஞ்சளாகிவிட்டது. இரண்டு பக்கமும் கரை செங்குத்தாக இறங்கியது. நடுவில் உருண்டைக் கற்கள், எலும்பு நிறத்தில், கண்ணுக்கெட்டிய வரை. காற்றே இல்லை. ஒரு பறவைச் சத்தமாவது கேட்க வேண்டுமே, அதுவும் இல்லை. இவ்வளவு பெரிய பள்ளத்தில் என்ஜினின் உறுமல்கூட எதிரொலிக்காமல் கற்களுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

இந்த மாதிரி இடங்களில் கணவர் இறங்கிக் கேரவனுக்குப் பின்னால் நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்லுவார். இப்போதும் இறங்கிக்கொண்டார். இருந்தவை இரண்டு கருவிகள். ஒன்று அவள் மடியில், மற்றது அவர் சட்டைப் பையில். அவருக்கு இந்தக் கருவி கைவந்ததேயில்லை. பட்டனை அழுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்குவார், முதல் வார்த்தை விழுங்கப்பட்டுவிடும். பேசி முடித்த பின்னும் பட்டனை விட மாட்டார். ஒரு கிளிக், பாதி வசவு, நீண்ட இரைச்சல், இன்னொரு கிளிக். அவருடைய வழிகாட்டல் எப்போதும் அப்படித்தான் வரும்.

"...துன்னு சொன்னா இடது. சோத்துக்கை எது பீச்சாங்கை எதுன்னுகூடவா தெரியாது?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் லோ கியரில் இறக்கினாள். கற்கள் உருண்டன. கேரவன் ஒரு பக்கம் சாய்ந்து, அலறி, நிமிர்ந்தது. எதிர்க்கரையில் ஏறும்போது நடுவில் நிறுத்தினால் அவ்வளவுதான், பின்பாரம் ஜீப்பையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். அதனால் அவர் கத்துவதைக் காதில் வாங்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஏற்றினாள். சக்கரம் சுழன்று புழுதி கிளம்பிக் கண்ணாடிகளை மறைத்தது. ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பிறகு மெல்ல இறங்கியது. மேட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு திருப்பம் தாண்டி, கொஞ்சம் சமமான இடத்தில் நிறுத்தி, வேர்வையைத் துடைத்தாள்.

பின்னால் கேரவன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏறிட்டேன்மா" என்றது வாக்கி டாக்கி. "இடுப்பு வலிக்குது. நான் இங்கயே படுத்துக்கறேன். நீ ஓட்டு."

ஓடும்போது கேரவனில் ஆள் இருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சண்டை. சரி, கொஞ்ச தூரம் நிம்மதி என்று கியரைப் போட்டாள்.

"நல்லா ஏத்துன" என்றது குரல். "வேற யாரா இருந்தாலும் கவுத்திருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு வலி மூளைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சுக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பெண்டாட்டி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்பதையே வெளியில் சொல்லாமல், ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லிவந்தவர்.

தடம் மலையின் இடுப்பைச் சுற்றிப் போனது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் சரிவு. குரல் இடையிடையே பேசியது. விரல் மரத்துப்போகும், கையை மாற்றி மாற்றிப் பிடி என்றது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டது. பிறகு, கேட்காமலே, பழைய கதை ஒன்றை எடுத்தது. பள்ளிக்கூட வேன் கவிழ்ந்த நாள். நாள் முழுக்கக் குழந்தைகளை ஏற்றி இறக்கிவிட்டு, சட்டைக் கையெல்லாம் ரத்தக் கறையோடு அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்டார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அது பற்றி அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"அன்னைக்கு நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கணும்" என்றது குரல். "ஒண்ணும் பேசாம, சும்மா உக்காந்திருக்கணும்."

ரோடு மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. கருவியை எடுத்து வாயருகில் கொண்டுபோனாள். அப்போதுதான் அது உறைத்தது.

கிளிக் இல்லை.

குரலுக்கு முன்னால் கிளிக் இல்லை. பின்னாலும் இல்லை. முதல் வார்த்தை விழுங்கப்படவில்லை. இரைச்சல் இல்லை. இவ்வளவு நேரமும் அது, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுவது போல, சுத்தமாக வந்துகொண்டிருந்தது.

அவள் கருவியைப் பார்த்தாள். அவர் பேசினால் கருவியின் தலையில் எரியும் பச்சை விளக்கு இவ்வளவு நேரமும் எரியவேயில்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

பிறகு அது எரிந்தது. கிளிக்.

"...ருமை. காது செவிடா? எவ்ளோ நேரமா கத்தறேன். நில்லுடி."

இரைச்சல். தூரத்து இரைச்சல். கிளிக்.

அவள் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. ஜீப் நின்றது. கேரவன் பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டி நின்றது.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கே இருப்பேன், நீ விட்டுவிட்டுப் போன இடத்தில்தான் என்றார். ஓடைக்குள் கல் உருண்டு கால் மாட்டிக்கொண்டது, எடுக்க வரவில்லை, முட்டிக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, கத்திக் கத்தித் தொண்டை கிழிந்துவிட்டது. பாதி வார்த்தைகள் இரைச்சலில் போயின. மிச்சப் பாதி வசவு. அந்த வசவுகளைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இதுதான் அவர். இப்படித்தான் அவர் பேசுவார்.

அப்படியானால்.

கண்ணாடியில் பார்த்தாள். கேரவனின் முன்ஜன்னல். மூடிய திரை. அசையவில்லை.

"அவன் கத்தட்டும்" என்றது சுத்தமான குரல், மிக மெதுவாக. பச்சை விளக்கு எரியவில்லை.

அவள் இறங்கினாள். மலையுச்சியில் இருந்த கருப்பு இப்போது பாதி வானத்தை எடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஒடுங்கிய தடத்தில் கேரவனோடு ஜீப்பைத் திருப்ப முடியாது. கேரவனைக் கழற்றிவிட்டால் ஜீப்பை மட்டும் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். எத்தனையோ சந்துகளில் அப்படிப் போயிருக்கிறாள். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கிக் காலை இறக்கிச் சுற்றினாள். கேரவனின் மூக்கு லேசாகத் தூக்கினால் போதும், ஜீப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டை விட்டுக் கொக்கி தானாக விடுபட்டுவிடும்.

மூக்கு தூக்கியது. கொக்கியின் பிடியில் கை வைத்தாள்.

உள்ளே யாரோ எழுந்தார்கள். நடந்து வந்தார்கள். அவள் தலைக்கு நேர் மேலே, தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், வந்து நின்றார்கள். மூக்கு அமுங்கியது. கொக்கி இறுகியது.

அவள் மறுபடியும் சுற்றினாள். மூக்கு தூக்கியது. மேலே நின்ற பாரமும் கூடியது. ஒரு ஆளின் பாரம். இரண்டு ஆளின் பாரம். ஜாக்கிக் கால் மண்ணில் புதைந்தது. சுவரின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது.

விட்டுவிட்டாள். கருவியை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். நடந்தே போகலாம். ஓடலாம். கல்லை நெம்ப ஏதாவது கம்பி கிடைக்கும். "வந்துட்டே இருக்கேன்" என்று கருவியில் சொன்னாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

கிளிக்.

"...ணும்னேதான் விட்டுட்டுப் போயிருக்க. தெரியும்டி எனக்கு. இதுக்குத்தான் காத்துட்டு இருந்த."

அவள் நின்றாள்.

நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். காற்று கிளம்பி முள்செடிகளை ஒருமுறை சாய்த்துவிட்டுப் போனது. இவ்வளவு வருஷமும் சமைத்தது, துவைத்தது, அவருடைய அம்மாவுக்குப் பெட்பேன் வைத்தது, இடுப்புக்குத் தைலம் தேய்த்தது, எல்லாமே ஒரு நாள் ஓடையில் விட்டுவிட்டுப் போவதற்காகத்தானாம். நாக்கில் நரம்பே இல்லையா இந்த மனிதனுக்கு? செத்துக்கொண்டிருக்கும்போதுகூடவா?

"நடந்தா ரொம்ப தூரம்" என்றது பின்னாலிருந்து குரல். இப்போது அது கருவியில் வரவில்லை. கேரவனிலிருந்தே வந்தது, கதவுக்குப் பின்னாலிருந்து, கணவரின் குரலில், கணவரிடம் ஒருநாளும் இல்லாத பரிவோடு. "முன்னாடி போனா அகலமான இடம் ஒண்ணு வரும். அங்க திருப்பிக்கலாம். ஏறு."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவளுக்கு அது தெரியும், சில சமயம் முன்னால் போய்த் திரும்புவதுதான் சீக்கிரம். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஜாக்கியைத் தூக்கினாள். முட்டுக் கற்களை உதைத்துத் தள்ளினாள். ஜீப்பில் ஏறினாள்.

அகலமான இடம் வந்தது. குவாரி லாரிகள் ஒதுங்கி நிற்க ஒரு காலத்தில் வெட்டிய இடம். ஜீப், கேரவன், எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் திருப்பிவிடலாம்.

"இங்கதான்" என்றது குரல். "திருப்பணுமா?"

காத்திருந்தது.

கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆயிரம் தடவை செய்த காரியம். கை அசையவில்லை. அகலமான இடம் ஜன்னலுக்கு வந்தது. ஜன்னலில் நகர்ந்தது. கண்ணாடிக்குப் போனது. சிறிதானது.

பதில் சொல்லாமலே பதில் சொல்லிவிட்டாள்.

பிறகு மலைக்குப் பின்னால் ஒரு சத்தம். இடி அல்ல. இடி முடியும். இது முடியவில்லை. ஆயிரம் லாரிகள் ஒரே நேரத்தில் ஜல்லியைக் கொட்டுவது போல, கீழே, ஓடை இருந்த திசையில்.

கிளிக்.

இந்தமுறை முதல் வார்த்தை விழுங்கப்படவில்லை.

"பயமா இருக்கு" என்றார் அவர். வசவு இல்லை. அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. "வந்துடு. என்னால தனியா முடியல."

அவள் பிரேக்கை மிதித்தாள். இரண்டு காலாலும் மிதித்தாள். ஜீப் நிற்கவில்லை. சரிவு. பின்பாரம் தள்ளியது. கேரவன் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு இறங்கியது, பூட்டிய சக்கரங்கள் கல்லில் தேய்ந்து தீய்ந்தன, ரப்பர் நாற்றம், புழுதி. கருவியைக் கையில் பிடித்துக் கத்தினாள். வருகிறேன் என்று கத்தினாள். வருகிறேன், வருகிறேன், வருகிறேன்.

கருவியில் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

பிறகு அதுவும் இல்லை.

சரிவு முடிந்து ஜீப் தானாக நின்ற இடத்தில் தார் ரோடு இருந்தது. வெள்ளைக் கோடு, எச்சரிக்கைப் பலகை, வளைவு. மேற்கில் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. தூரத்தில் ஏரி, ஏரிக்கரையில் மற்ற கேரவன்களின் விளக்குகள். மழை ஒரு துளிகூட இங்கே பெய்யவில்லை.

அவள் என்ஜினை அணைத்தாள். சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

வண்டி கனத்திருந்தது. ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. இவ்வளவு கனத்தோடு இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. இப்போதுதான் ஏறியிருக்கிறது.

கேரவன் கதவு திறந்தது. மூடியது. சரளைக் கல்லில் காலடி. நொண்டல் இல்லை. அவசரமும் இல்லை. பக்கத்துக் கதவு திறந்தது. கணவர் ஏறி உட்கார்ந்தார்.

காலையில் போட்டிருந்த அதே சட்டை. கசங்காமல். தலை வாரியிருந்தது. இடுப்புத் தலையணையை எடுத்துப் பின் இருக்கையில் போட்டுவிட்டு நேராக உட்கார்ந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. ஜீப் முழுக்கச் சேற்று வாடை நிறைந்தது. அவர் அவளுடைய கையைச் சாவியிலிருந்து எடுத்து, மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அவர் கை ஐஸாக இருந்தது.

"ரொம்பக் களைச்சிட்ட" என்றார். "போலாமா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

கேரவனின் முன்ஜன்னலில் திரை விலகியிருந்தது. விலகி, மேலெழுந்து, மெல்ல அலைந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் அடியிலிருந்து உச்சி வரை பழுப்புத் தண்ணீர். ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லை. அந்தத் தண்ணீருக்குள் ஒரு தட்டு மிதந்தது, ஒரு செருப்பு மிதந்தது. பிறகு இரண்டு உள்ளங்கைகள் வந்து கண்ணாடியில் அழுந்தின. நடுவில் கணவரின் அதே முகம், முடி மேல்நோக்கி அலைய, கண்ணைச் சிமிட்டாமல், அவளை மட்டும் பார்த்துக்கொண்டு. வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

பக்கத்தில் இருந்தவர் கை நீட்டி, அவளுக்காக முன்விளக்கைப் போட்டுவிட்டார்.